ரிவ்யூவருக்கு எழுதும் பதில்தான் பாதிப் பேப்பர்

போன மாதம் ஒரு ஜூனியர் எனக்கு ஒரு மெயிலை ஃபார்வர்டு செய்து, "அக்கா, பேப்பர் ரிஜெக்ட் ஆயிடுச்சு, அடுத்து எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம்னு சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள். திறந்து பார்த்தேன். முதல் பத்தியில், தற்போதைய வடிவில் கட்டுரையை வெளியிட இயலாது என்று எடிட்டர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே மூன்று ரிவ்யூவர்களின், அதாவது கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்ல எடிட்டர் கேட்டுக்கொண்ட துறை ஆட்களின், கருத்துகள் பக்கம் பக்கமாக. எல்லாவற்றுக்கும் கடைசியில், அவள் கண்ணில் படவே படாத இடத்தில், கருத்துகள் அனைத்துக்கும் பதிலளித்துத் திருத்திய பிரதியை 90 நாளுக்குள் அனுப்பினால் மறுபடி பரிசீலிக்கிறோம் என்று இரண்டே வரி. இது ரிஜெக்ட் இல்லை, மேஜர் ரிவிஷன், அதாவது பெரிய அளவில் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்வது. சந்தோஷப்பட வேண்டிய மெயிலைப் பார்த்துவிட்டு அவள் இரண்டு நாளாக யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது, முடிவுக் கடிதங்கள் எழுதப்படும் விதமே அப்படி. எடிட்டர் பிடி கொடுத்துப் பேச மாட்டார். திருத்தி அனுப்பினாலும் ஏற்போம் என்று உத்தரவாதம் இல்லை என்பதைத்தான் அழுத்திச் சொல்வார். ஆனால் அவருக்கு நிஜமாகவே வேண்டாம் என்றால் நாலு வரியில் நன்றி சொல்லி முடித்திருப்பார். மூன்று பேருடைய கருத்தையும் தொகுத்து, கெடு தேதி கொடுத்து, அதை மறுபடி படிக்கும் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்றால் கட்டுரையில் ஏதோ ஒன்று அவரைப் பிடித்து இழுத்திருக்கிறது. ஒரு திருத்தமும் கேட்காமல் முதல் சுற்றிலேயே ஏற்றுக்கொள்வது மிக மிக அபூர்வம். பல ஜர்னல்களில் கட்டுரையோடு பெறப்பட்ட தேதி, திருத்தப்பட்ட தேதி, ஏற்கப்பட்ட தேதி மூன்றையும் அச்சிடுவார்கள். அடுத்த முறை ஏதாவது ஒரு பேப்பரைப் படிக்கும்போது முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள், மனசு லேசாகும்.

கட்டுரை எழுதுவது எப்படி என்று சொல்லித்தர ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்ற வரிசை எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் ரிவிஷன் வந்த பிறகு ரிவ்யூவர்களுக்கு எழுதும் பதில் கடிதத்தை யாரும் வகுப்பில் நடத்துவதில்லை. என் கணக்கில், பேப்பர் வெளிவருமா வராதா என்பது பெரும்பாலும் அந்தக் கடிதத்தில்தான் முடிவாகிறது. அதைப் பற்றி விரிவாகவே எழுதப் போகிறேன். அதற்கு முன்னால், அந்தக் கட்டத்துக்குப் போய்ச் சேர்வதைப் பற்றிக் கொஞ்சம்.

எந்த ஜர்னலுக்கு அனுப்புவது? இதற்கு நான் சொல்லும் வழி ரொம்ப எளிது. உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எந்தெந்த ஜர்னலின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். நீங்கள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்களோ அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அனுப்பலாம் என்று நினைத்திருக்கும் ஜர்னலிலிருந்து ஒரு கட்டுரைகூட உங்கள் பட்டியலில் இல்லை என்றால், ஒன்று இடம் மாறி வந்திருக்கிறீர்கள், இல்லையென்றால் படிக்க வேண்டியதைப் படிக்கவில்லை. எடிட்டரும் இதைத்தான் முதலில் பார்ப்பார். தலைப்பு, சுருக்கம், படங்கள், அப்புறம் நேரே மேற்கோள் பட்டியல். ரிவ்யூவுக்கே அனுப்பாமல் எடிட்டர் மேஜையிலிருந்தே திருப்பி அனுப்புவதை டெஸ்க் ரிஜெக்ட் என்பார்கள். அதில் பெரும்பங்கு ஆய்வு மோசம் என்பதற்காக நடப்பதில்லை, இது எங்கள் வாசகர்களுக்கானது இல்லை என்பதற்காகவே நடக்கிறது. வலித்தாலும் அது சில நாட்களில் வந்துவிடும், காத்திருந்து காத்திருந்து ஏமாறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இம்பாக்ட் ஃபேக்டரைப் பார்த்து ஜர்னல் தேர்ந்தெடுப்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை, வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றால் பார்க்காமல் என்ன செய்வது. ஆனால் அது என்ன எண் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். யூஜின் கார்ஃபீல்டு என்ற தகவல் அறிவியலாளர் இதை உருவாக்கியபோது எந்த ஜர்னலைக் கணக்கில் சேர்ப்பது, நூலகம் எதை வாங்குவது என்பதுதான் பிரச்சினை. 1975 முதல் ஆண்டறிக்கையாக வர ஆரம்பித்தது. ஒரு ஜர்னலில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் அந்த எண். சராசரி என்பதால் பத்து கட்டுரைகள் எல்லா மேற்கோளையும் அள்ளிக்கொண்டு போக, மீதியை யாரும் சீண்டாமல் இருந்தாலும் எண் அழகாகத்தான் தெரியும். உங்கள் கட்டுரை எந்தப் பக்கம் விழும் என்று அது சொல்லாது.

கட்டுரையோடு எடிட்டருக்கு அனுப்பும் கவர் லெட்டரைப் பற்றி ஒரே ஒரு விஷயம். சுருக்கத்தை அப்படியே ஒட்டி அனுப்பாதீர்கள், எடிட்டர் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டார். இந்தக் கேள்வியில் இதுவரை என்ன தெரிந்திருந்தது, நீங்கள் எதைக் கூடுதலாகக் கண்டீர்கள், அது இந்த ஜர்னலின் வாசகருக்கு ஏன் வேண்டும், இந்த மூன்றுக்கும் தலா இரண்டு வரி போதும். "மதிப்பிற்குரிய தங்கள் உலகப் புகழ்பெற்ற இதழில்" என்றெல்லாம் ஆரம்பித்தால் அவர் கண் தானாக அடுத்த மெயிலுக்குப் போய்விடும்.

ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்பக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி, ஏன் என்பது பலருக்குத் தெரியாது. ரிவ்யூவர்கள் பெரும்பாலும் காசு வாங்காமல், தங்கள் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கிப் படிப்பவர்கள். இரண்டு ஜர்னல் ஒரே பேப்பருக்கு ஆறு பேரைப் பிடித்துக் கடைசியில் ஒன்று வேண்டாம் என்றால் மூன்று பேருடைய உழைப்பு வீண். சின்னத் துறைகளில் இரண்டு ஜர்னலும் ஒரே ஆளிடம் போய் நிற்பதும் நடக்கும், அப்போது குட்டு உடைந்துவிடும். (அமெரிக்கச் சட்ட இதழ்கள் மட்டும் விதிவிலக்கு. அங்கே ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒன்றாக அனுப்புவதுதான் வழக்கமே, தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் சட்ட மாணவர்கள். அந்த உலகத்துக்குள் நான் போகவில்லை.)

சரி, போலி ஜர்னல்கள். உங்கள் மேலான ஆய்வைப் படித்து வியந்தோம், அடுத்த இதழுக்கு ஒரே ஒரு கட்டுரை குறைகிறது, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்று வரும் மெயில்கள் உங்களுக்கும் வந்திருக்கும். 2013இல் ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர் ஒரு காரியம் செய்தார். லைக்கனிலிருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய் செல்களை அழிக்கிறது என்று, துறை அறிந்த எவரும் சில நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடிய ஓட்டைகளோடு ஒரு கட்டுரையைத் தயாரித்து, பொய்ப் பெயர்களில், எழுதுபவரிடம் கட்டணம் வாங்கி வாசகருக்கு இலவசமாகப் படிக்கத் தரும் 304 ஜர்னல்களுக்கு அதன் பல வடிவங்களை அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. சயின்ஸ் இதழில் இது வெளியானதும் பெரிய சர்ச்சை. சந்தா ஜர்னல்களுக்கு ஏன் ஒன்றுகூட அனுப்பவில்லை என்று திருப்பிக் கேட்டார்கள், அது நியாயமான கேள்விதான். இப்படி யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கத் தருவதைத் திறந்த அணுக்கம் என்பார்கள். திறந்த அணுக்கம் என்றாலே போலி என்று நினைப்பது தவறு. நல்ல திறந்த அணுக்க ஜர்னல்களைப் பட்டியலிடும் டிஓஏஜே என்ற இணையத் தொகுப்பு 2003 முதல் இருக்கிறது, அங்கே தேடிப் பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த ஜர்னலில் சமீபத்தில் வந்த இரண்டு கட்டுரைகளைத் திறந்து படியுங்கள். முழுசாக வேண்டாம், அட்டவணைகளையும் மேற்கோள்களையும் பார்த்தாலே போதும், யாராவது படித்துவிட்டுத்தான் வெளியிட்டார்களா என்பது தெரிந்துவிடும். ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் பேராசிரியர் தன்னுடைய சொந்தப் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் நிறைய. நல்ல ஜர்னலின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் என்ற அடையாள எண்ணையும் அப்படியே எடுத்துப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு, அதனால் மெயிலில் வந்த இணைப்பைத் தொடாமல் நூலகத் தரவுத்தளம் வழியாகப் போய்ச் சேருங்கள்.

அனுப்பியாச்சு. இனிமேல் காத்திருப்பு. ஜர்னலின் தளத்தில் நிலவரம் "எடிட்டரிடம் உள்ளது" என்று வாரக்கணக்கில் அப்படியே நின்றால் எடிட்டர் தூங்குகிறார் என்று அர்த்தமில்லை. ரிவ்யூவுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார். ஒருவர் பதிலே போட மாட்டார், ஒருவர் பத்து நாள் கழித்து நேரமில்லை என்பார், ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டுக் காணாமல் போவார். அனுப்பும்போது ரிவ்யூவர்களின் பெயரைப் பரிந்துரைக்கச் சொல்லிக் கேட்டால் அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். கூட வேலை செய்தவர்கள், ஒரே துறையில் பக்கத்து அறையில் இருப்பவர்கள் வேண்டாம். உங்கள் தலைப்பில் சமீபத்தில் எழுதிய, ரொம்பப் பிரபலம் ஆகாத ஆட்களின் பெயரைக் கொடுங்கள், அவர்களுக்குத்தான் நேரமும் ஆர்வமும் இருக்கும். மூன்று மாதம் தாண்டினால் எடிட்டருக்கு ஒரு மெயில் போடலாம், அதில் தப்பே இல்லை. கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு, நிலவரம் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று இரண்டே வரி. குறை சொல்லும் தொனி வேண்டாம்.

இப்போது ரிவ்யூவர்கள். இந்த ஏற்பாடு ஆதிகாலம் தொட்டு இருப்பதாக ஒரு நினைப்பு இருக்கிறது. லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபிலசாஃபிக்கல் டிரான்ஸாக்ஷன்ஸ் இதழ் 1665இல் ஆரம்பித்தபோது ஹென்றி ஓல்டன்பர்க் என்ற ஒருவர்தான் எதைப் போடுவது என்று பெரும்பாலும் முடிவு செய்தார். 1953இல் நேச்சரில் வந்த டிஎன்ஏ இரட்டைச் சுருள் கட்டுரை ரிவ்யூவுக்கே போகவில்லை. அந்த இதழ் எல்லாக் கட்டுரைகளையும் வெளியாருக்கு அனுப்பிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கியது 1973இல்தான். இதனால் நடுவில் வேடிக்கைகளும் நடந்தன. 1936இல் ஐன்ஸ்டைன், நேத்தன் ரோசனோடு சேர்ந்து ஈர்ப்பு அலைகள் என்று ஒன்று கிடையாது என்று வாதிடும் ஒரு கட்டுரையை ஃபிசிக்கல் ரிவ்யூ என்ற இதழுக்கு அனுப்பினார். எடிட்டர் ஜான் டேட் அதை ஒரு ரிவ்யூவருக்கு அனுப்ப, அவர் பத்துப் பக்கத்துக்கு ஆட்சேபம் எழுத, டேட் அதைப் பணிவோடு ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிவைத்தார். ஐன்ஸ்டைனுக்கு வந்ததே கோபம்! அச்சிடுவதற்காகத்தான் அனுப்பினோம், அதற்கு முன் வேறு யாரிடமும் காட்ட உங்களுக்கு நாங்கள் அனுமதி தரவில்லை என்று எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கதை அதோடு முடியவில்லை. அந்த ரிவ்யூவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்ற இயற்பியலாளர். ஐன்ஸ்டைனுக்குக் கடைசிவரை அது தெரிந்ததாகத் தெரியவில்லை. ராபர்ட்சன் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனின் புதிய உதவியாளர் லியோபோல்டு இன்ஃபெல்டிடம் நட்பாகப் பேசி, வாதம் எங்கே சறுக்குகிறது என்று காட்டிக்கொடுத்தார். அதற்குள் ஐன்ஸ்டைனுக்கும் ஓட்டை பிடிபட்டிருந்தது. 1937இல் வேறொரு இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தபோது முடிவே தலைகீழாக மாறியிருந்தது. அதாவது ரிவ்யூவர் சொன்னது சரி, அவர் சொன்னதைக் காதில் வாங்க மனமில்லாமல் போனதுதான் பிரச்சினை. நமக்கு ரிவ்யூ வந்த அன்று உள்ளே கொதிக்கும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளலாம். ஐன்ஸ்டைன் அளவுக்குக் கோபப்பட்டதில் ஓர் அற்பப் பெருமையும் கிடைக்கும்.

பதில் கடிதத்துக்கு வருகிறேன். ரிவ்யூ வந்த அன்று ஒருமுறை படித்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள். சில நாள் கழித்து ஒரு புதுக் கோப்பைத் திறந்து, ரிவ்யூவர்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் அப்படியே வெட்டி ஒட்டி எண் போடுங்கள். 1.1, 1.2, 2.1 என்று. ஒரே பத்தியில் நாலு குறை சொல்லியிருந்தால் நாலாகப் பிரியுங்கள். பாராட்டையும் விடாதீர்கள், அதற்கும் ஒரு வரி நன்றி வேண்டும். இப்படிப் பிரித்து வைத்ததும் முக்கால்வாசிப் பயம் போய்விடும். எட்டுப் பக்க ரிவ்யூ என்று மலைத்ததில் பாதி எழுத்துப்பிழையும் படத்தின் அச்சுப் பெயரும்தான் என்பது அப்போதுதான் தெரியும். கனமானது மூன்றோ நாலோ இருக்கும். அவற்றை முதலில் எடுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். "மாதிரியின் அளவு சிறியது. இதை வைத்துக்கொண்டு இவ்வளவு பொதுவான முடிவுக்கு வர முடியாது" என்று ரிவ்யூவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் முதலில் எழுதும் பதில்: "இத்துறையில் பல ஆய்வுகள் இதே அளவு மாதிரியைத்தான் பயன்படுத்தியுள்ளன." இது பதில் இல்லை, ஊரோடு ஒத்து வாழ்கிறோம் என்று சொல்வது. ரிவ்யூவர் கேட்டது முடிவின் அகலத்தைப் பற்றி. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "ஏற்கிறோம். தரவு சேகரிப்பு முடிந்துவிட்டதால் மாதிரியைப் பெரிதாக்க இயலவில்லை. அதனால் முடிவுரையில் 'பயனாளர்கள்' என்று பொதுவாகச் சொல்லியிருந்த இடங்களை எல்லாம் 'இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள்' என்று மாற்றியிருக்கிறோம் (பக்கம் 14, வரி 6 முதல் 11). அட்டவணை 3இல் ஒவ்வொரு மதிப்புக்கும் நம்பிக்கை இடைவெளியைச் சேர்த்திருக்கிறோம். இந்த வரம்பைப் பற்றிய புதிய பத்தி கீழே." அப்புறம் அந்தப் புதிய பத்தியை அப்படியே கடிதத்திலும் ஒட்டிவிடுவேன். ரிவ்யூவர் இரண்டு கோப்பையும் மாறி மாறித் திறந்து தேட வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. கடிதத்தை மட்டும் படித்தே, சரி, செய்துவிட்டார்கள் என்று அவர் நிம்மதியாக அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். பக்க எண்ணும் வரி எண்ணும் இல்லாமல் "தேவையான மாற்றங்கள் செய்யப்பட்டன" என்று எழுதினால் அவருக்குச் சந்தேகம்தான் வரும், சந்தேகம் வந்துவிட்டால் கட்டுரையை முதல் வரியிலிருந்து மறுபடி நோண்டுவார்.

ரிவ்யூவர் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்? நிறைய நடக்கும். முறையியல் பகுதியில் தெளிவாக எழுதியிருப்பதையே ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். "பக்கம் 5ஐப் பார்க்கவும்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். அந்தத் துறையில் ஊறிய ஒருவரே அதைத் தவறவிட்டார் என்றால் மற்ற வாசகர்களும் தவறவிடுவார்கள். அந்த வாக்கியம் ஒரு நீளமான பத்தியின் நடுவில் புதைந்து கிடந்திருக்கும், அதை எடுத்துப் பத்தியின் தலையில் வைத்துவிட்டு, "முந்தைய பிரதியில் இது எடுப்பாகத் தெரியவில்லை, இப்போது பகுதி 2.3இன் தொடக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம்" என்று சொன்னால் போதும். அவர் முகத்தில் கரி பூசாமல் வேலை முடிந்தது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். ரிவ்யூவர் சொன்னதையெல்லாம் செய்து, கட்டுரை யாருடையது என்றே தெரியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். மறுக்கலாம், ஆனால் மறுப்புக்குச் சான்று வேண்டும், மறுப்புகளின் எண்ணிக்கையும் அளவோடு இருக்க வேண்டும். இருபது கருத்துகளில் பதினெட்டைச் செய்துவிட்டு இரண்டை மறுத்தால் எடிட்டர் அந்த இரண்டையும் நிதானமாகப் படிப்பார். பத்தை மறுத்தால் இவர்களோடு பேசிப் பயனில்லை என்று நினைப்பார். மறுக்கும் இடத்தில்கூட ஏதாவது ஒரு சின்ன மாற்றத்தைக் கட்டுரையில் செய்யுங்கள். ரிவ்யூவர் கேட்ட மாற்றுப் பகுப்பாய்வைச் செய்து பார்த்தோம், முடிவு மாறவில்லை, அதைப் பின்னிணைப்பில் தந்திருக்கிறோம், முதன்மைப் பகுப்பாய்வை இந்தக் காரணத்தால் அப்படியே வைத்திருக்கிறோம் என்பது மாதிரி. இப்படி எழுதிய மறுப்பைத் தட்டிவிடுவது கஷ்டம்.

முதல் ரிவ்யூவர் அறிமுகத்தைச் சுருக்கு என்கிறார், மூன்றாமவர் அதே அறிமுகத்தில் இன்னும் ஒரு பக்கம் இலக்கியம் சேர் என்கிறார். இருவருக்கும் தனித்தனியாக "செய்துவிட்டோம்" என்று எழுதிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், ஒருவருக்கு எழுதிய பதிலை மற்றவரும் பார்ப்பார் என்பதே வழக்கம். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று முடிவு செய்து, ஏன் என்பதை எடிட்டருக்கு எழுதும் முகப்புக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். பெரிய முரண் என்றால் திருத்த ஆரம்பிக்கும் முன்பே எடிட்டருக்கு மெயில் எழுதிக் கேட்கலாம். முடிவெடுப்பவர் எடிட்டர், ரிவ்யூவர்கள் ஆலோசகர்கள் மட்டுமே, இதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

இன்னொரு வகை ரிவ்யூவர் உண்டு. பின்வரும் ஆறு முக்கியமான ஆய்வுகளை ஆசிரியர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள் என்று பட்டியல் கொடுப்பார், ஆறிலும் ஒரே பெயர் இருக்கும். யார் எழுதியது என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் திறமை எதுவும் வேண்டாம். படித்துப் பாருங்கள், பொருத்தமானது ஒன்றோ இரண்டோ இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், மீதி ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், எடிட்டருக்கு மட்டும் தனியாக ஒரு குறிப்பு. இப்படி மேற்கோள் வசூலிப்பது நெறிமீறல் என்று பதிப்பு நெறிமுறைகளுக்கான கோப் அமைப்பே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பல எடிட்டர்கள் இதைச் சொன்னால் நன்றி சொல்வார்கள்.

கெடு போதவில்லை என்றால் முன்கூட்டியே கேளுங்கள், கிட்டத்தட்ட எல்லாரும் தருவார்கள். கெடு முடிந்த மறுநாள் தளம் மூடிக்கொண்ட பிறகு கேட்டால் புதுக் கட்டுரையாக அனுப்பச் சொல்லும் வாய்ப்பு இருக்கிறது.

ரிஜெக்டே வந்துவிட்டால்? ஆறுதலுக்குக் கதைகள் இருக்கின்றன. செல்கள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சியைப் பற்றி ஹான்ஸ் கிரெப்ஸ் எழுதியதை 1937இல் நேச்சர் திருப்பி அனுப்பியது, கையில் ஏற்கெனவே ஏழெட்டு வாரத்துக்குப் போதுமான கடிதங்கள் (சிறு கட்டுரைகளை அப்படித்தான் அழைப்பார்கள்) இருக்கின்றன என்பதுதான் காரணம். 1953இல் அவருக்கு நோபல். ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையை மூன்று பொருளாதார இதழ்கள் மறுத்த பிறகுதான் நான்காவது இதழ் 1970இல் வெளியிட்டது, 2001இல் நோபல். ஆனால் இந்தக் கதைகளை வைத்து நாமும் கிரெப்ஸ்தான் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. எனக்குப் பிடித்தது பீட்டர் ஹிக்ஸின் கதை. 1964இல் அவருடைய இரண்டாவது கட்டுரையை ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ் மறுத்தது. இதனால் இயற்பியலுக்கு என்ன லாபம் என்பது புரியும்படி இல்லை என்று நினைத்த அவர், கடைசியில் சில பத்திகளைச் சேர்த்து ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸுக்கு அனுப்பினார். புதிய நிறையுள்ள துகள் ஒன்று இருக்க வேண்டும் என்ற குறிப்பு அந்தச் சேர்க்கையில்தான் வருகிறது. 2012இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த ஹிக்ஸ் போசான் என்ற அந்தத் துகளின் விதை, ஒரு ரிஜெக்டுக்குப் பிறகு ஒட்டிய பத்தியில் இருந்தது.

அதனால் ரிஜெக்டோடு வந்த ரிவ்யூக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கே இன்னொரு ஜர்னலுக்கு அதே கோப்பை அனுப்புவது சோம்பேறித்தனம். ஆபத்தும் கூட. உங்கள் தலைப்பில் ரிவ்யூ செய்யத் தகுந்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான், இரண்டாவது ஜர்னலும் அதே ஆளைக் கேட்கலாம். தான் மெனக்கெட்டுச் சுட்டிய பிழைகள் ஒரு கமா மாறாமல் திரும்பி வந்திருப்பதைப் பார்க்கும் ரிவ்யூவரின் மனநிலையை நான் அனுபவித்திருக்கிறேன், அன்றைக்கு என் ரிவ்யூவில் கருணை இல்லை.

ஆசிரியர் வரிசை பற்றிப் பேசினால் தனிப் பதிவே போடலாம், இங்கே ஒரு வரி: யார் பெயர் எங்கே என்பதை எழுத ஆரம்பிக்கும் முன் பேசி, மெயிலில் பதிவு செய்துவிடுங்கள். உங்கள் பெயரையும் எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே மாதிரி எழுதி, ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் ஒன்றை வாங்கி இணைத்துவிடுங்கள். அது இலவசம், உங்கள் பெயரிலேயே இன்னும் பத்துப் பேர் எழுதிக்கொண்டிருந்தாலும் உங்கள் கட்டுரை உங்கள் கணக்கில் சேரும்.

ஏற்றுக்கொண்டோம் என்று மெயில் வந்ததும் எல்லாரும் கட்டுரையை மறந்துவிடுவார்கள், அப்போதுதான் வெளியிடும் முன் சரிபார்க்கச் சொல்லி அச்சுப்படி வந்து நிற்கும், பெரும்பாலும் 48 மணி நேரக் கெடுவோடு. இதை மேலோட்டமாகப் பார்க்காதீர்கள். அதுவரை சரியாக இருந்தது பக்க வடிவமைப்பில் கெடும். எழுத்துரு மாறும்போது மைக்ரோ குறியீடு வெறும் 'எம்' ஆகிவிடும், மைக்ரோகிராம் மில்லிகிராமாகி மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு கூடிவிடும். கழித்தல் குறி காணாமல் போகும், அட்டவணையில் ஒரு நெடுவரிசை மட்டும் ஒரு படி கீழே இறங்கி நிற்கும். எண்களை எல்லாம் மூலக் கோப்போடு ஒருவர் படிக்க ஒருவர் பார்த்து ஒப்பிடுவதுதான் நான் அறிந்த ஒரே நம்பகமான வழி. கையெழுத்துப் போடச் சொல்லும் உரிமை ஒப்பந்தத்தையும் படியுங்கள். ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியை, அதாவது அவர்கள் பக்கம் வடிவமைப்பதற்கு முந்தைய கோப்பை, உங்கள் நிறுவனக் களஞ்சியத்தில் போட்டுக்கொள்ளப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. காசு கட்டித் திறந்த அணுக்கம் வாங்க வழியில்லாதவர்களுக்கு அது பெரிய வசதி, ஆனால் எத்தனை மாதம் கழித்துப் போடலாம் என்பதை அந்த ஒப்பந்தம்தான் சொல்லும்.

பேப்பர் வந்த கொஞ்ச நாளில் அதே ஜர்னலிலிருந்து இன்னொரு மெயில் வரும், இந்தக் கட்டுரையை ரிவ்யூ செய்ய முடியுமா என்று. முடியும் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள், பதில் கடிதம் எழுதுவதை நான் கற்றுக்கொண்டது மற்றவர்கள் எனக்கு எழுதிய பதில்களைப் படித்துத்தான். முடியாது என்றால் அன்றைக்கே முடியாது என்று சொல்லி, தெரிந்த இரண்டு பேருடைய பெயரையும் கொடுத்துவிடுங்கள். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் "எடிட்டரிடம் உள்ளது" என்பதைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.